சாம்பலைப் பற்றி நீ சொல்லாமல் விட்டது

போன புதன்கிழமை உன் மனைவி வசந்தி என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் உன் மேசை இழுப்பறைகளை அவள் தொடவே இல்லை. இப்போது வீடு மாறுகிறாள். அதனால் வேறு வழியில்லாமல் ஒழித்திருக்கிறாள். பழுப்பேறிய ஒரு அட்டை ஃபைலை என் கையில் கொடுத்து, "இதுல உங்க பேரு எழுதியிருக்குண்ணா. அதான் தூக்கிப் போடல" என்றாள்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பிரித்தேன். மேலே இருந்தது சென்னைச் சோதனைக்கூடம் ஒன்றின் அறிக்கை. நம் பாய்லர் சாம்பலில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். தண்ணீரில் கரையும் நச்சுக் குரோமியம் என்ற வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாய். ஓரத்தில் உன் கிறுக்கல் எழுத்து: "தாசுகிட்ட சொல்லணும்."

வட்டத்தைவிட எனக்கு முதலில் கண்ணில் பட்டது தேதிதான். என் தங்கை ஸ்டெல்லாவின் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை வைத்த வாரத்தில்தான் அவள் வீட்டுக்குச் சாம்பல் போனது. அதனால் அந்தத் தேதி எனக்கு மறக்காது. உன் கையில் இருந்த தாளோ அதற்குப் பதினொரு நாள் முந்தியது. பெங்களூர் பஸ் ஒன்று வந்து, நின்று, கிளம்பியும் போனது. நான் அந்தப் பதினொரு நாளையே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி உன்னிடம் நேரில் கேட்க முடியாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலூர் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நாம் டா போட்டுத்தான் பேசினோம். ஒரே தோல் கம்பெனியில் இருவரும் சேர்ந்தோம். உனக்குக் கணக்கு வரும், ஆங்கிலம் வரும். சீக்கிரமே பாய்லர் பகுதிக்கே பொறுப்பாளன் ஆனாய். நான் பாய்லர் ஆபரேட்டராகவே இருந்தேன். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. பாய்லருக்குள் மணல் கொதிக்கிற சத்தத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். மீட்டரைப் பார்த்துவிட்டு நீ, "கரெக்டுடா" என்பாய். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் காது கொடுத்துக் கேட்ட நாட்கள் உண்டு.

நம் பாய்லரின் கதை உனக்குத் தெரியாததா. அடியிலிருந்து காற்று ஊதினால் சுடுமணல் கஞ்சிபோலக் கொதிக்கும். அதில் வேர்க்கடலை ஓடும் தென்னை மட்டையும் மரத்தூளும் விழுந்து எரியும். மணல் படுகையை 'பெட்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கடலை ஓட்டின் சாம்பல் அந்த மணலோடு சேர்ந்து உருகி, பாறைபோல இறுகிப்போகும். பாய்லரை நிறுத்தி, ஆறவைத்து, ஆள் உள்ளே இறங்கிக் கடப்பாரையால் உடைக்க வேண்டும். அப்படி இறங்கிய கரீம் பாயின் வலது கால் ஒருநாள் முழங்கால்வரை வெந்துபோனது. மேலே ஆறியிருந்த கட்டிக்கு அடியில் நெருப்பு இருந்திருக்கிறது. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் நீ ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

"இனிமே ஒருத்தனும் உள்ள எறங்கக் கூடாதுடா தாசு. மணலயே மாத்திடலாம்."

"மணலுக்குப் பதிலா இன்னாத்தப் போடுவ?"

"தாதுக்கல்லு. மட்டமான மாங்கனீஸ் கல்லு, உருக்காலைக்காரன் வேணாம்னு தள்றது. ஒடச்சி சலிச்சிப் போட்டா போதும்."

நீ எங்கெங்கோ தேடிப் படித்திருந்தாய். வெளிநாட்டில் குப்பையையும் மரக்கழிவையும் எரிக்கிற பாய்லர்களில் மணலுக்குப் பதில் இப்படி உலோக ஆக்சைடு கல்லைப் போடுகிறார்களாம். கேன்டீனில் தட்டை ஓரம் தள்ளிவிட்டு எனக்கு விளக்கினாய்: "மணலு சும்மா சூட்டப் புடிச்சி வெச்சிக்கும், அவ்ளோதான். இந்தக் கல்லு அப்படி இல்லடா. காத்து ஜாஸ்தியா இருக்கற எடத்துல ஆக்சிஜன வாங்கி வெச்சிக்கும். காத்து கம்மியா இருக்கற எடத்துக்குப் போனா அதக் குடுத்துடும். பொகையே வராது."

பெல்லாரிப் பக்கத்திலிருந்து ஒரு லாரி கல் வந்தது. கறுப்புமில்லாத பழுப்புமில்லாத ஒரு நிறம். கல் உடைக்கும் இடத்தில் கொடுத்துப் பொடித்து, இரண்டு சல்லடை வைத்து நாமே நின்று சலித்தோம். முதல் நாள் போட்டபோது காற்று ஊதுகிற மோட்டார் திணறியது. கல் மணலைவிட அத்தனை கனம். என் காதுக்குப் பழகிய கொதிப்புச் சத்தமே இல்லை. "பெட்டு செத்துப்போச்சுடா" என்று நான் கத்தினேன். நீ பதறவில்லை. பாதிக் கல்லை வெளியே எடுக்கச் சொன்னாய். படுகையின் உயரம் குறைந்ததும் சத்தம் மெல்லத் திரும்பியது. முன்பைவிடக் கனத்த, அடித்தொண்டைச் சத்தம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம்.

ஒரு மாதம் கழித்துத் தாங்கித் தாங்கி நடந்து வந்த கரீம் பாய் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, "இன்னாப்பா, பாய்லர் ஓடுதா, நின்னுபோச்சா?" என்றார். அவ்வளவு தெளிவாக இருந்தது வானம். அதன்பின் கட்டி உடைக்க ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் பெருமைப்பட்ட காரியம் அது ஒன்றுதான். அதை நான் உன்னோடு சேர்ந்து செய்தேன்.

நீ என்னிடமிருந்து பறித்தது அதைத்தான்.

அடுத்த வருஷம் எரிபொருளாக அச்சில் அமுக்கிய கட்டிகள் வரத் தொடங்கின. கடலை ஓட்டுத் தூளில் செய்தது என்றாய். ஒருநாள் ஒரு கட்டி உடைந்து விழுந்தபோது உள்ளே வெளிர்நீலத் துணுக்குகளைப் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது இன்னாடா நீலமா?"

நீ அதைக் கையில் வாங்கி, விரலால் நசுக்கி, கீழே போட்டாய். "பெயிண்ட் அடிச்ச மரத்தூளா இருக்கும். பழைய பலக கிலக."

நான் தோல் ஊரில் பிறந்தவன். குரோமில் பதப்படுத்திய தோலைச் சீவும்போது விழும் நீலத் தூளைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகம் எனக்கு வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன், போய்விட்டது. அந்தத் தூளை மட்டும் நம் பாய்லரில் போடவே கூடாது என்று முன்பு சொன்னவனே நீதானே. "குரோம எரிச்சா சும்மா இருக்காதுடா. நெருப்புல அது வேற ஆளா மாறிடும், தண்ணில கரையற வெஷமாய்டும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான்.

உன் ஃபைலில் அந்தக் கட்டிகளின் ஒப்புதல் கடிதமும் இருக்கிறது. கடலை ஓட்டுத் தூள் இவ்வளவு பங்கு, தோல் சீவல் இவ்வளவு பங்கு என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. நீலத் துணுக்கை உன் கையில் நான் வைத்ததற்கு நான்கு மாதம் முன்பே போட்டது. சீவலை எங்கே கொட்டுவது என்று கம்பெனி தவித்துக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். மேலிடத்தில் உன்னை நெருக்கியிருப்பார்கள். புகை வராத பாய்லர் நம்மிடம் இருந்தது. போட்டால் வெளியே ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கரீம் பாயின் காலுக்காக நாம் போட்ட கல், கம்பெனிக்கு நல்ல திரையாகிவிட்டது. குரோம் அப்படி மாறுவதற்கு அந்தக் கல்லும் கைகொடுத்திருக்கும் என்று இப்போது ஒரு வேதியியல் வாத்தியார் எனக்குச் சொன்னார். எவ்வளவு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

சந்தேகம் வந்து நீயே ரகசியமாகச் சாம்பலைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாய். அதுவரைக்கும்கூட உன்னை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அதற்குப் பிறகுதான் முடியவில்லை.

மாதனூரில் ஸ்டெல்லா வீடு பள்ளத்தில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஒரு மழை பெய்தால் வாசலில் முழங்கால் தண்ணீர். மகளுக்குப் புதுநன்மை விருந்து வைக்கப் பந்தல் போடவேண்டும், அதற்குள் பள்ளத்தை மேடாக்கித் தா என்று என்னை நச்சரித்தாள். நான் உன் அறைக்கு வந்தேன். நீ ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய்.

"ஸ்டெல்லா வீட்டுப் பள்ளத்துக்கு நம்ம சாம்பல எடுத்துக்கட்டுமாடா? ஒரு ஏழெட்டு டிராக்டர் ஆவும்."

நீ பேனாவை மூடினாய். மறுபடி திறந்தாய். அன்றைக்கு நான் அதைக் கவனித்ததாகவே எனக்கு நினைவில்லை. இந்த ஒரு வாரமாக அதைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குள் நிற்கவில்லை.

"எடுத்துக்கோ" என்றாய். பிறகு, "மேல செம்மண்ணு கொஞ்சம் போட்டுடு" என்றாய்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று நான் கேட்டிருப்பேன். அந்த 'ஏனுக்கு'ப் பயந்து என் தங்கை வீட்டில் எட்டு டிராக்டர் விஷத்தைக் கொட்ட விட்டாய். செம்மண் போடச் சொன்னாயே, அது யாருக்காக? அதைச் சொன்ன பிறகு உனக்குச் சோறு இறங்கியதா? விருந்துக்கு நீயும் வசந்தியும் வந்தீர்கள். அந்த மேட்டின்மேல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாய். குழந்தைக்கு வெள்ளிச் சிலுவை போட்டாய். ஸ்டெல்லா உன்னை "எங்க பெரியண்ணன்" என்று எல்லாரிடமும் காட்டினாள்.

இரண்டு மழைக்காலம் போனது. கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சளடித்தது. ஸ்டெல்லாவின் கையிலும் காலிலும் புண் வந்தது. ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை செய்கிறாள், அதனால்தான் என்று நினைத்து வேறு பிரிவு கேட்டு மாறினாள். புண் ஆறவில்லை. குழந்தையின் கால்விரல் இடுக்கிலும் வந்தது. அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப் போய், குரோம் இருக்கிறது என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "பாலாத்துப் பக்கம் எல்லாக் கிணறும் இப்படித்தாம்மா, பழைய தோல் டேனரி தண்ணி" என்று சொல்லிக் கிணற்றை மூடச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் எல்லாரும் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன். ஆனாலும் ஒரு உறுத்தல் இருந்தது. உன்னிடம் வந்து கேட்டேன்.

"நம்ம சாம்பலா இருக்குமோடா?"

"லூசா நீ? நம்ம சாம்பல்ல ஒண்ணும் இல்ல. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

பார்த்துவிட்டேன் என்றாய். அது பொய்யுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாய். கிணற்றை இன்னும் மூடியிருக்கவில்லை. வாசலிலேயே, "தங்கச்சி, ஒரு சொம்பு தண்ணி" என்று கேட்டபடி நுழைகிற ஆள் நீ. அன்றைக்கு அவளே கொண்டுவந்து நீட்டியும், "இல்லம்மா, இப்பதான் வர்ற வழியில குடிச்சேன்" என்றாய். அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்த் தன் குழந்தைக்குக் கொடுத்தாள். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாளிலிருந்து அவள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வர ஏற்பாடு செய்தாய். எவ்வளவு நல்ல மனசு என்று நான் என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

பிறகு காட்பாடி ஸ்டேஷனில், ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது நீ சரிந்து விழுந்தாய். மாரடைப்பு. சுடுகாட்டுக்கு உன்னைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். கேன்டீனில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. மைக்கைப் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "அவன் என்கிட்ட எதையும் மறைச்சதில்ல." சொல்லிவிட்டு அழுதேன். கரீம் பாய் என்னைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போனார். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள இப்போது எந்தக் கேன்டீனுக்கு நான் போவது?

இப்போது நான் இராணிப்பேட்டைப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறேன். அங்கேயும் பாய்லர்தான். அங்கேயும் அதே மட்டமான தாதுக்கல்லைத்தான் போட்டிருக்கிறோம், என் யோசனையின்பேரில். நன்றாகவே ஓடுகிறது, கட்டி இல்லை, புகை இல்லை. அந்தக் கல்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உள்ளே போட்டது என்னவோ அதைத்தான் அது எரித்தது.

ஃபைலைப் படித்த மறுநாள் வசந்தியிடம் போனில் சொன்னேன், இதை அதிகாரிகளிடம் கொடுக்கப் போகிறேன் என்று. நீ போன பிறகு கம்பெனி அவளுக்கு அலுவலகத்தில் வேலை கொடுத்திருக்கிறது. அது போய்விடலாம், உன் பெயர் கெடும் என்றேன். "நான் படிக்காம உங்ககிட்ட குடுக்கலண்ணா" என்றாள். "அவரால முடியல. நீங்களாவது குடுத்துடுங்க." உன்னைவிட அவளுக்குத் தைரியம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். உன்னை அவள் திட்டுவாள், நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"அவரு உனக்கு சொல்லல. செரி. நீ எனக்கு இன்னாண்ணா சொன்ன?"

"நல்ல சாம்பல்னு சொன்னேன்."

"பேப்பர் எதுனா பாத்துட்டு சொன்னியா?"

"இல்ல."

"அவரு சொன்னாருன்னாவது சொன்னியா? அதுவும் இல்ல. இது எதுவும் பண்ணாதில்லண்ணான்னு நான் கேட்டேன். 'நான் ஓட்ற பாய்லர்டி, எனக்குத் தெரியாதா'ன்னு சொன்ன. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். அவள் சொன்னதும் நினைவு வந்தது. டிராக்டர்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"நான் அவர நம்பிக் கொட்டலண்ணா. உன்ன நம்பிக் கொட்னேன்" என்றாள். அழவில்லை. எழுந்து போய் மகளின் இன்னும் ஆறாத கால்விரல்களுக்கு மருந்து தடவினாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வேலூர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனோம். அவள் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். மனுவை நான் முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். அதில் அவளும் கையெழுத்துப் போடவேண்டும். அலுவலக வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, "குடு, படிச்சிட்டுப் போடறேன்" என்றாள். முன்பெல்லாம் நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். வீட்டுப் பத்திரத்துக்குக்கூட அப்படித்தான் போட்டாள். அன்றைக்கு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். புரியாத இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். நான் பக்கத்தில் காத்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"'எனக்குத் தெரியாமல் இது நடந்தது'ன்னு போட்டிருக்க."

"ஆமா. எனக்குத் தெரியாதுதானே."

"நீலமா பாத்தன்னு நீயே சொன்ன. 'நான் கேட்காமல் விட்டதால் நடந்தது'ன்னு எழுது."

பேனாவைத் திறந்து என் வரியை அடித்துவிட்டு அவள் சொன்னபடியே எழுதினேன். அவள் அதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. உன் பெயரும் அதில் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. உன்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த வரியை என் கையால் மாற்றி எழுதிய பிறகு, உன்னை மட்டும் தனியாக நிறுத்தித் திட்டவும் முடியாமல் போய்விட்டது. அதற்கும் சேர்த்து உன்மேல்தான்டா எனக்குக் கோபம்.